மேல்மாடிக்காரரின் தேர்தல்

என் வாழ்க்கையில் இரண்டு தேர்தல்களை மிக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் எனக்கு வாக்கு இல்லை. முதலாவது மட்டக்களப்பில், அப்போது எனக்கு வயது போதாது. இரண்டாவது பசிபிக் கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டில். அந்த நாட்டை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அது மொன்ட்ரியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் சமையலறைக்குள்ளேயே நடந்து முடிந்தது போலத்தான் எனக்கு இருக்கிறது.

அந்த நாட்டுக்காரர்கள் எங்களுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தார்கள். கணவன், மனைவி இரண்டு பேர் மட்டும். அவள் நான் வேலை செய்த அதே மருத்துவமனையில் நர்ஸ். நான் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, எழுப்பி உட்கார வைக்கும் உதவியாளர். ஒரே வார்ட்டு, ஒரே பஸ். அவர்களுடைய முதல் குளிர்காலத்தில் அவள் மெல்லிய சப்பாத்தோடு பஸ் தரிப்பிடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். மறுநாள் என்னுடைய பழைய பூட்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தங்கை ஒருமுறை வந்து தங்கியபோது என்னை "அக்கா" என்று கூப்பிட்டதைக் கேட்டிருந்தவள், அதன் பிறகு தானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள். நாங்கள் பேசியது ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த ஒரு பாஷை. ஆனால் அவள் சொன்னவை எல்லாம் எனக்கு என் பேச்சிலேயே நினைவில் இருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய கணவர் நகர மையத்தில் ஒரு சர்வதேச அலுவலகத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்தார். அதற்கு முன் தன் நாட்டில் விமானப் போக்குவரத்துப் பிரிவின் தலைமை அதிகாரி. உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார், சட்டையை அவரே ஸ்திரி போட்டுக்கொள்வார். அந்த நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் தீவுகள். தலைநகர்த் தீவிலிருந்து மற்றவற்றுக்கு ஒரு சின்ன விமானம் போய்வரும். அவர் பிறந்த தீவின் ஓடுபாதை வெறும் புல்தரை. விமானத்தின் சத்தம் கேட்டதும் யாராவது ஓடிப்போய்ப் பன்றிகளைத் துரத்த வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஓடுபாதையால்தான் அவர் மொன்ட்ரியலுக்கு வந்தார். அதைத் திருத்துவதற்கு அமைச்சர் ஒருவரின் சொந்தக்காரரான கொந்தராத்துக்காரர், அதாவது ஒப்பந்தக்காரர், பணம் வாங்கினார். மேலே மண்ணைப் போட்டு மூடியதோடு சரி, கீழே தண்ணீர் நின்றது. "பாதுகாப்பானது" என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இவர் போடவில்லை. அவர்கள் இவரை வேலையை விட்டு நீக்கவும் இல்லை. ஒரு மேசையும் கதிரையும் கொடுத்து, ஒரு வேலையும் கொடுக்காமல் இருத்திவிட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் இங்கே விண்ணப்பித்து வந்தவர். ஓடுபாதை மூடப்பட்டது.

ஒரு வசந்த காலத்தில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். விமானம் இறங்க இடமில்லை. படகில் தலைநகருக்குக் கொண்டுபோகும் வழியில் கடலிலேயே உயிர் போய்விட்டது. பிறகு அந்தத் தீவிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசி வரும். மேலே அவர் அறைக்குள் நடந்துகொண்டே பேசும் சத்தம் எங்கள் கூரையில் கேட்கும்.

ஒரு நாள் அவர்களை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும். சொதியை அவர் தேங்காய்ப்பாலின் வாசத்துக்காகவே இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். அன்றைக்குக் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "எங்கட தீவுச் சனம் என்னை எலக்‌ஷனில நிக்கச் சொல்லுது. ஓம் எண்டு சொல்லிட்டன்" என்றார்.

என் கணவர் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசியல் என்றால் விடிய விடியக் கதைப்பார். "அண்ணை, வெண்டால் எங்களை மறந்துபோடாதேங்கோ" என்று பகிடி விட்டார். எனக்குக் கையில் இருந்த குழம்புச் சட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வேண்டாம்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் அக்கா?" என்றாள் அவள்.

ஏனென்று அன்றைக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. என் அப்பாவும் அரச உத்தியோகத்தர். மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காணிப் பகுதியில் இருந்தார். காணிக்காக அலைந்த சனம் அவரை நம்பியது. தேர்தல் வந்தபோது ஒரு கட்சியின் பெயரில் நிற்கச் சொன்னார்கள். உத்தியோகத்தை விட்டார்; நிற்பதாகச் சொன்னார். ஒரு பின்னேரம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். யார் என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். நான்தான் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிக மரியாதையாக, "ஐயா, உங்களுக்கு இது சரிவராது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேட்புமனு கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் அம்மா வீட்டுக்குள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இஞ்சருங்க, புள்ளைகளப் பாருங்க, வேணாங்க" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. அப்பா நிற்கவில்லை.

அவரை யாரும் எதுவும் செய்யவில்லை. ரியூஷன் கொடுத்துக்கொண்டு வயது போய்ப் படுக்கையில்தான் இறந்தார். ஆனால் அதன் பிறகு அவர் கச்சேரி இருக்கும் தெருவால் போனதே இல்லை; சந்தைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவார். "பெண்சாதி அழுததால விலகினவர்" என்று ஊர் சொன்னது. அதற்காக அம்மா மீது எனக்கு நெடுங்காலம் ஒரு கோபம் இருந்தது. அப்பா உயிரோடு இருந்ததற்கும் அம்மாவே காரணம் என்பதால், அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியாமல் இருந்தேன்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "எங்கட ஊரில எலக்‌ஷனில நிண்டா சுடுவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கட இடத்தில சுடமாட்டாங்க. துவக்கு இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்" என்றார்.

இருவரில் ஒருவருக்காவது வேலை இருக்க வேண்டும் என்று அவள் இங்கேயே நின்றாள். அவர் போனார். படகில் தீவு தீவாகப் போய் வாக்குக் கேட்டார். கொஞ்ச வித்தியாசத்தில் வென்றார். அந்தச் செய்தி வந்த சனிக்கிழமை நானும் அவளும் இந்தியக் கடைகள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் லட்டு வாங்கி வந்து வார்ட்டு முழுக்கக் கொடுத்தோம். அவர் சேர்ந்த ஆளும் கட்சியில் அவரைப் போலப் படித்தவர்கள் குறைவு. சில மாதங்களில் அவரைப் போக்குவரத்து அமைச்சர் ஆக்கினார்கள். அலுவலகத்தில் முன்பு இவரைச் சும்மா இருத்தியவர்கள் இப்போது இவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு அந்தக் கோடையோடு முடிந்தது. ஓடுபாதைத் திருத்த வேலை திரும்பவும் அதே கொந்தராத்துக்காரருக்குத்தான் என்று பிரதமர் சொல்லிவிட்டார். இவர் மறுத்தார். கட்சி வற்புறுத்தியது. எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. பாராளுமன்றத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. இவரும் இன்னும் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் போனால் அரசாங்கம் விழும். அந்த இரண்டு பேரும் இரகசியமாக இவரிடம் சம்மதம் சொல்லியிருந்தார்கள்.

பிறகு அவளுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. நாங்கள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அவளுடைய மொழியில் ஒரு ஆண் குரல். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். பஸ் வந்து கதவு திறந்தது. ஏறவில்லை. சாரதி எங்களைப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டான்.

"என்ன?" என்றேன்.

"ஆர் எண்டு சொல்லல்ல. நல்ல மரியாதையாக் கதைச்சான். 'உங்கட வீடு கடலுக்குக் கிட்ட, மரவீடு. நெருப்புப் பிடிச்சாலும் அணைக்கத் தண்ணி கிடக்கு எண்டு நினைக்காதீங்க' எண்டான்."

மரியாதையாக என்று அவள் சொன்னதும், தண்ணீர் கேட்டு வந்த அந்த இரண்டு பேரும் கண் முன்னால் நின்றார்கள்.

அடுத்த வாரம் அவருடைய படகு எரிந்தது. கரையில் கட்டியிருந்த படகு. யாரும் பார்க்கவில்லை. அவர் அவளிடம் "எஞ்சினில ஏதோ பிழை" என்றார். அவள் நம்பவில்லை, அவருடைய அக்காளிடம் கேட்டு, யாரோ வைத்த நெருப்பு என்று தெரிந்துகொண்டாள். அதன் பிறகு அவள் தூங்கியதாகத் தெரியவில்லை. மேலே நடக்கும் சத்தம் இப்போது அவளுடையது. வார்ட்டில் ஒரு கிழவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு என்று மறந்துபோய் நடைபாதையில் நின்றாள். நான் மெதுவாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிரேரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒரு மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"அக்கா, இந்தப் பிரேரணையில இருந்து நான் விலகச் சொன்னா அவர் விலகுவார். எனக்குத் தெரியும். சொல்லட்டா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் என் பக்கம் திரும்பி, அவளுக்கு விளங்காதபடி தமிழில் சொன்னார்: "இஞ்சை பாரும், நீர் விலகச் சொல்லு எண்டும் சொல்லாதையும், விலகாதை எண்டும் சொல்லாதையும். பேந்து ஏதும் நடந்தால் காலத்துக்கும் உம்மைத்தான் சொல்லுவினம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குச் சொல்றன்" என்றேன். அது பதிலே இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அவள் மேலே போன பிறகு மட்டக்களப்புக்கு அம்மாவுக்கு அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது. அம்மா வீடியோவில் வழக்கம் போல் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். சுகம் விசாரித்த கையோடு, இவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்கு நீங்க அழாம இருந்திருந்தா அப்பா நிண்டிருப்பாரா?"

அம்மா தொலைபேசியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். முகம் முழுதும் தெரிந்தது.

"இப்ப ஏன் அது?"

மேல்மாடிக்காரியின் கதையைச் சொன்னேன். அம்மா கடைசி வரை கேட்டார்.

"அவர் செத்தும் எவ்வளவு காலம். இனிச் சொன்னா என்ன" என்றார். "நான் அழ முந்தியே அவர் கட்சிக்காரரிட்டப் போய், ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வந்துட்டார் புள்ள. வந்து கதவச் சாத்திப்போட்டு, 'நீ கொஞ்சம் சத்தமா அழு, அக்கம்பக்கம் கேக்கட்டும்' எண்டார். அழுதன்."

"எங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அந்த மனிசனுக்கு என்ன மிச்சம்?"

அப்பா பயந்ததை நான் குறையாக நினைக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் நானும் பார்த்தவள்தானே. ஆனால் சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்ட அந்த அழுகை, அம்மா அப்பாவுக்குச் செய்துகொடுத்த ஒரு வேலை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் எவ்வளவு உண்மையான அழுகையும் கலந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, அந்த இரண்டு பேர், அம்மா சொன்னது, எல்லாம். மருத்துவமனைத் தரிப்பிடம் வந்தது. இறங்காமல் அடுத்த தரிப்பு வரை போனோம். கடைசியில், "நீ விலகு எண்டும் சொல்லாத, நில்லு எண்டும் சொல்லாத. அவருக்கு என்ன வேணும் எண்டு கேள்" என்றேன். கணவர் சொன்னதைத்தான் பாதி சொல்லியிருந்தேன்.

அன்று மாலை அவள் எங்கள் வீட்டிலிருந்தே அவருக்கு அழைத்தாள். தனியாக இருந்து கேட்கப் பயமாக இருக்கிறது என்றாள். அவர்கள் மொழியில் பேசியதைப் பிறகுதான் எனக்குச் சொன்னாள். அவள் கேட்டாளாம்: "உங்களுக்கு விலக ஒரு காரணம் வேணுமா? வேணுமெண்டா நான் அழுறன். ஊருக்கே கேக்கிற மாதிரி அழுறன். பெண்சாதியாலதான் எண்டு எல்லாரும் சொல்லட்டும். எனக்கு ஒண்டுமில்லை."

அவர், "வேண்டாம். ஆனா நீ கேட்டது நல்லம்" என்றாராம்.

பிரேரணை நாள் வந்தது. இங்கே கார்த்திகை மாத மாலை. அங்கே அடுத்த நாள் காலை. அவர்கள் பாராளுமன்றத்தை வானொலி நேரடியாக ஒலிபரப்பும். அதை இணையத்தில் கேட்கலாம். மூன்று பேரும் எங்கள் சமையலறை மேசையில் இருந்தோம். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நான் அவளுடைய முகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பெரும் மழையும் காற்றும் என்று இடையிடையே சொன்னாள். பேச்சுகளுக்குப் பின்னால் தகரத்தில் மழை விழும் இரைச்சல் எனக்கும் கேட்டது.

அவர் பேச எழும்பியபோது அவள் என் கணவரின் தேநீர்க் கோப்பையை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் குரலை உயர்த்தவில்லை. சபையில் யாரோ கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள்.

"அமைச்சுப் பதவியை விட்டுட்டன் எண்டு சொல்றார்" என்றாள். பிறகு, "அந்தப் பொம்பிளையின்ர பேரைச் சொல்றார்" என்றாள். கடலில் இறந்துபோனவளின் பெயர்.

பெயர் பெயராகக் கூப்பிட்டு வாக்குக் கேட்டார்கள். அவருடைய பெயர் வந்தது. ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், எதிர்ப்பக்கம் போட்டுவிட்டார். அடுத்த பெயர் வாசிக்கும்போது ஒலிபரப்பு நின்றது.

மூன்று தொலைபேசியிலும் முயன்றோம். இல்லை. அவருடைய கைத்தொலைபேசி அடிக்கவே இல்லை. அவருடைய அக்காளுடையதும் அப்படியே. நியூசிலாந்தில் இருந்த அவளுடைய தங்கைக்கும் ஒன்றும் தெரியவில்லை. "காத்துக்கு டவர் விழுந்திருக்கும், அங்க அடிக்கடி விழும்" என்று அவளே சொன்னாள். பிறகு அவளே, "பாராளுமன்றத்துக்கு வெளியில ஆக்கள் கூடி நிண்டவங்களாம்" என்றாள். அரசாங்கம் விழுந்ததா என்பதும் தெரியாது, அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்பதும் தெரியாது. அவளை அன்றைக்கு நாங்கள் மேலே போக விடவில்லை.

காலையில் வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கையில் வேலை இருந்தால்தான் நிற்க முடியும் என்றாள். நான் அன்றைக்கு அவளை விட்டு விலகவே இல்லை. அவள் ஊசி போடும் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் எனக்கும் ஏதாவது வேலை இருப்பது போலப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் யாருடைய தொலைபேசி அடித்தாலும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

மதியம் சாப்பாட்டு அறையில் அது வந்தது. அவருடைய இலக்கம் இல்லை, தெரியாத இலக்கம். அவள் எடுக்கத் தயங்கினாள். நான் பொத்தானை அழுத்தி அவளுடைய காதில் வைத்தேன். கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நான் அவளுடைய தோளைப் பிடித்தேன். அடுத்த கணம் அவள் சிரிக்கத் தொடங்கினாள். அழுதுகொண்டே, மேசையில் குனிந்து, அடக்க முடியாமல் சிரித்தாள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். சம்மதம் சொன்ன இரண்டு பேரும் கடைசி நேரத்தில் மாறிவிட்டார்கள். பிரேரணை தோற்றது. அரசாங்கம் விழவில்லை. இவர் தனியாக வெளியே வந்தார். அமைச்சர் கார் இல்லை. கூடியிருந்தவர்கள் மழைக்குக் கலைந்து போயிருந்தார்கள். தொலைபேசி நனைந்து செத்துவிட்டது. வாசலில் ஒரே ஒரு வண்டி நின்றது. அது அந்தக் கொந்தராத்துக்காரருடையது. கண்ணாடியை இறக்கி, "ஏறு" என்றாராம்.

"ஏறினாரா?" என்றேன்.

"ஏறினார் அக்கா. பெருமழை. வேற என்ன செய்யிற? அவரும் எங்களுக்கு ஏதோ ஒரு வழியில சொந்தம்."

வழியெல்லாம் ஒரு பேச்சும் இல்லையாம். தலைநகர் வீட்டு வாசலில் இறக்கும்போது கொந்தராத்துக்காரர், "உன்ர பெண்சாதிக்குப் போன் எடுத்தது என்ர தம்பி. அவனுக்கு மூளை இல்லை" என்று சொன்னாராம். படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. மழை விட்டு, மறுநாள் விடிந்ததும் டவர் இருக்கும் பக்கமாக நடந்துபோய், வேறொருவருடைய தொலைபேசியில் அழைத்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு நிம்மதியோடு கோபமும் வந்தது. யாரோடு என்று தெரியவில்லை. போனில் மிரட்டியவனுடைய அண்ணனின் வண்டியில் ஏறிப் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரு நாடு இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நேரம் எடுத்தது.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். வென்றவர் அந்தக் கொந்தராத்துக்காரரின் மருமகன். ஆனால் அதற்கு முன்பே அரசாங்கம் வெளித்தீவுகளின் வாக்குக்குப் பயந்து, ஓடுபாதை வேலையை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கொடுத்திருந்தது. திறப்பு விழாவுக்கு இவரைக் கூப்பிடவில்லை. இவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தாராம். அவள் இங்கே வேலையை விட்டுவிட்டுப் போய், அந்தத் தீவின் சின்ன மருந்தகத்தில் நர்ஸாக இருக்கிறாள். மேல்மாடியில் இப்போது பல்கலைக்கழக மாணவர்கள். பாட்டுச் சத்தம்தான் கேட்கிறது.

போன கோடையில் இருவரும் சில வாரங்கள் வந்து எங்களோடு தங்கினார்கள். மொன்ட்ரியலுக்குப் பக்கத்தில் இருக்கும் இல்-பிசார் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்து எதிர்க்கரையில் இருக்கும் லாவலுக்குக் காரும் ஆளும் ஏற்றிப் போகும் சின்னப் படகில் ஏறினோம். கரைக்குக் கரை ஐந்து நிமிடமும் எடுக்காத ஓட்டம். அவர் படகோட்டியோடு எஞ்சினைப் பற்றி விசாரித்துவிட்டு எங்களிடம் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

என் கணவர் கேட்டார்: "அண்ணை, இனியும் எலக்‌ஷனில நிப்பீங்களோ?"

"இன்னும் யோசிக்கேல்ல" என்றார் அவர்.

அவள் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். திரும்பாமலே சொன்னாள்:

"யோசிச்சாச்சு. நிக்கிறார்."

படகு கரையைத் தட்டியது. கார்கள் இறங்கும் வரைக்கும் காத்திருந்து, நாங்களும் இறங்கி நடந்தோம்.